இஷ்பீலியாவின் மினாரா

மீலாது மேடைகளில் முப்பது ஆண்டுகள் அந்தலுஸின் வீழ்ச்சியைப் பற்றிப் பேசியவன் நான். ரபீஉல் அவ்வல் பிறந்துவிட்டால் சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் அழைப்பு வரும். பெருமானாரின் வாழ்வைப் பேசுவது ஆலிம்களின் பொறுப்பு. ஸ்பெயினைப் பேசுவது வரலாற்று ஆசிரியனாகிய என் பொறுப்பு. குர்துபா, கர்னாத்தா, இஷ்பீலியா என்று ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்வேன். ருந்தா நகரத்துப் புலவர் அபுல் பகாவின் இரங்கற்பாவிலிருந்து இரண்டொரு வரியை அரபியில் ஓதிப் பொருள் கூறுவேன். பெண்கள் அமர்ந்திருக்கும் பகுதியிலிருந்து விம்மல் கேட்கும்.

அந்த உரையில் இஷ்பீலியாவுக்கென்று ஒரு கட்டம் உண்டு. நகருக்குள் நுழைந்த காஸ்தீல் நாட்டுப் படையினர் நம்முடைய மினாராவை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள் என்பது அந்தக் கட்டம். அந்த இடம் வந்ததும் என் வலக்கை தானாகவே உயர்ந்து கீழே விழும். அதை எங்கே படித்தேன் என்று இன்று கேட்டால் என்னால் சொல்ல இயலவில்லை. ஏதேனும் ஒரு சிறுநூலில் இருந்திருக்கலாம். அல்லது மேடையே அதை எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

சென்ற ஆண்டு அந்த மினாராவின் செங்கற்களை நான் கையால் தொட்டுப் பார்த்தேன்.

என் மகளும் மருமகனும் மாட்ரிட்டில் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பின் தனித்திருக்கிறேனே என்று மூன்று மாதம் வந்து தங்கும்படி அழைத்தார்கள். "அத்தா, நீங்கள் பேசிப்பேசிப் பார்த்த ஊர்களை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டாமா?" என்றாள் மகள். குர்துபாவுக்குத்தான் முதலில் போக நினைத்தேன். ஆனால் இஷ்பீலியாவில் மருமகனுக்கு ஓர் அலுவல் இருந்தது. அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரம். பதினொரு வயதுப் பேத்தி வழிநெடுக என் தோளில் சாய்ந்து உறங்கினாள். நான் மருமகன் வாங்கித் தந்திருந்த புத்தகத்தைப் படித்துக்கொண்டே சென்றேன். அந்தலுஸைப் பற்றிப் பேசுவதற்காக அன்றி, அறிந்துகொள்வதற்காக நான் படித்தது அதுவே முதன்முறை என்று சொன்னால் நேயர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

இன்று ஸெவில் என்று வழங்கும் அந்நகரின் நடுவே நிற்கிறது புனித மரியன்னையின் பேராலயம். கோத்திக் என்னும் கூர்வளைவுப் பாணியில் எழுந்த கட்டடங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. 1987இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அதை ஏற்றுக்கொண்டது. சுற்றுலாப் பயணிகள் தென்புறம் வரிசையில் நிற்கிறார்கள். நாங்கள் முதலில் வடபுறத்துத் தெருவுக்குச் சென்றோம். நான் காண விரும்பிய கதவு அங்கேதான் இருக்கிறது.

'மன்னிப்பின் வாயில்' என்பது அதன் பெயர். மேலே கிறிஸ்தவப் புனிதர்களின் உருவங்கள். அவற்றுக்கு நடுவே, ஈஸா நபி அவர்கள் வணிகர்களை ஆலயத்திலிருந்து விரட்டும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு காலத்தில் இந்த ஊர் வணிகர்கள் ஆலய முற்றத்திலேயே பேரம் பேசுவார்களாம். அவர்களுக்கான கண்டிப்பு அது! அதன் கீழே குதிரைலாட வடிவ வளைவு. அந்த வளைவில் பொருந்தியிருக்கும் உயர்ந்த இரட்டைக் கதவுகள் மரத்தின்மேல் வெண்கலத் தகடு போர்த்தவை. தகடுகளில் கூஃபி எழுத்துகள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். ஆட்சி அல்லாஹ்வுக்கே உரியது, நிலைத்திருத்தல் அல்லாஹ்வுக்கே உரியது என்னும் இரண்டு சிறு தொடர்கள்தாம். திரும்பத் திரும்பக் கதவு முழுவதும் அவையே. எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பாதிரிமார்களும் மன்னர்களும் இந்த எழுத்துகளின் ஊடே நடந்து சென்றே பூசைக்குப் போயிருக்கிறார்கள். ஒருவரும் அவற்றைச் சுரண்டி எடுக்கவில்லை.

இவ்விடத்தின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். முவஹ்ஹிதீன்கள் மொராக்கோவையும் அந்தலுஸையும் ஒருசேர ஆண்ட நாளில், கலீபா அபூ யஃகூப் யூசுப் 1172இல் இங்கே ஒரு ஜாமிஆப் பள்ளிவாசலைக் கட்டத் தொடங்கினார். அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு விளக்கம் எழுதும்படி இப்னு ருஷ்தைத் தூண்டியவரும் இவரே. அந்த மேதை இதே ஊரில் காழியாகவும் இருந்தவர். கட்டடப் பணியை அஹ்மத் இப்னு பாஸோ மேற்பார்த்தார். பத்தாண்டில் பள்ளி முடிந்து குத்பா நடந்தது. மினாராவின் வேலை 1184இல் தொடங்கியது. அவ்வாண்டிலேயே கலீபா மறைந்தார். அவர் மகன் அல்-மன்சூர் காலத்தில், அல்-குமாரீ என்னும் கொத்தர்தலைவர் செங்கல்லால் அதை உயர்த்தினார். 1198இல் ஸிஸிலியைச் சேர்ந்த ஒரு கைவினைஞர் செய்த பொன்முலாம் பூசிய கோளங்களை உச்சியில் ஏற்றினார்கள். மொராக்கேஷ் நகரத்துக் குத்பிய்யா மினாராவும் ரபாத்தில் பாதியில் நின்றுபோன ஹஸன் மினாராவும் இதன் உடன்பிறப்புகள்.

கோளங்களை ஏற்றி ஐம்பது ஆண்டு நிறைந்தபோது, 1248ஆம் ஆண்டு நவம்பரில், நீண்ட முற்றுகைக்குப் பின் நகரம் காஸ்தீல் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோவிடம் பணிந்தது. முஸ்லிம்கள் வெளியேற ஒரு மாத அவகாசம். பள்ளிவாசல் பேராலயமாக்கப்பட்டது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு அதே தூண்களுக்கிடையில்தான் பூசை நடந்தது. பின்னர் 1401இல் ஆலயக் குருமார் கூடிப் புதிதாகக் கட்டுவதென்று தீர்மானித்தார்கள். பார்ப்பவர்கள் நம்மைப் பைத்தியக்காரர்கள் என்று நினைக்கும் அளவுக்குப் பெரிதாகக் கட்டுவோம் என்று அக்கூட்டத்தில் ஒருவர் சொன்னதாக ஊரில் வழங்கும் கதை ஒன்றுண்டு. தொழுகைக் கூடம் இடிந்தது. ஒரு நூற்றாண்டுக் காலம் வேலை நடந்து 1506இல் முடிவெய்தியது. முற்றத்தையும் அந்தக் கதவுகளையும் மினாராவையும் மட்டும் அவர்கள் தொடவில்லை.

உள்ளே நுழைந்தோம். என் நேர்மையைக் காத்துக்கொள்ள ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இடிக்கப்பட்ட பள்ளிவாசலின் மீது நிற்கிறோம் என்ற நினைவோடு, எதையும் வியப்பதில்லை என்ற வைராக்கியத்தோடுதான் நான் காலெடுத்து வைத்தேன். பத்து அடி நடப்பதற்குள் தலை தானாக நிமிர்ந்தது. ஐந்து நெடுங்கூடங்கள். ஆலமரத்து அடிபோல் திரண்ட கல்தூண்கள். நடுவில் கூரை 40 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. இவ்வளவு கல்லைத் தூக்கி நிறுத்தியவர்களும் தவறு செய்தார்கள் என்பதில் எனக்கொரு சிறு ஆறுதல்: நடுக்கோபுரம் 1511இல் ஒருமுறை விழுந்தது, 1888இல் மற்றொருமுறை விழுந்தது.

தலைமைப் பலிபீடத்தின் பின்புறம் மரத்தாலான ஒரு பெருஞ்சுவர் எழுகிறது. பொன்தகடு போர்த்தது. இருபது மீட்டருக்கு மேல் உயரம். 1482இல் பீட்டர் டான்கார்ட் என்னும் பிளெமிஷ் சிற்பி தொடங்கினார். அவருக்குப் பின் தலைமுறை தலைமுறையாகப் பலர் செதுக்கி 1564இல் முடித்தார்கள். ஈஸா நபியின் வாழ்வும் மர்யம் (அலை) அவர்களின் வாழ்வும் நாற்பதுக்கு மேற்பட்ட கட்டங்களில் உருவங்களாக நிற்கின்றன. உருவம் என்றாலே விலகி நிற்கப் பழகிய கண் என்னுடையது. அந்தப் பழக்கத்தை நான் விட்டுவிடவில்லை, விடவும் மாட்டேன். ஆயினும் பேத்தி ஒவ்வொரு கட்டமாகச் சுட்டிக் கேட்கக் கேட்க, "இது மர்யம் (அலை)... இது ஈஸா நபி பிறந்தது... இது யஹ்யா நபி" என்று சொல்லிக்கொண்டே போனேன். சிலுவைக் காட்சி வந்தபோது, "இங்கே நமக்கும் இவர்களுக்கும் வேறுபாடு உண்டு" என்றேன். "அப்படியானால் மற்றதெல்லாம் ஒன்றா, நன்னா?" என்றாள். எல்லாம் ஒன்றில்லை, சில ஒன்று என்றேன். மர்யம் சூராவைக் கலியாண வீட்டிலும் பிள்ளை பெறும் வீட்டிலும் ஓதும் நம் பெண்கள் எவரேனும் அங்கே நின்றிருந்தால், அந்தப் பொன் சுவரில் தமக்குத் தெரிந்த பலவற்றைக் கண்டிருப்பார்கள்.

ஞானஸ்நானச் சிற்றாலயத்தில் முரீய்யோவின் ஓவியம் ஒன்று. இவ்வூரிலேயே பிறந்த ஓவியர். 1656இல் வரைந்தது. மண்டியிட்ட புனித அந்தோனியார் மேலிருந்து இறங்கும் ஒளியை நோக்கிக் கைகளை விரித்திருக்கிறார். 1874இல் ஒரு திருடன் அந்தோனியாரின் உருவத்தை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்துச் சென்றுவிட்டான். அடுத்த ஆண்டே அது நியூயார்க்கில் ஒரு கலைப்பொருள் வணிகரிடம் விலைக்கு வந்தது. அவர் வாங்கித் திருப்பி அனுப்பினார். வெட்டிய துண்டைப் பழைய இடத்திலேயே வைத்துத் தைத்ததுபோல் ஒட்டியிருக்கிறார்கள். நான் அந்த ஓவியத்தின் முன் நின்றது சிறிது நேரம்தான்; ஆனால் ஊர் திரும்பிய பின் அடிக்கடி நினைவுக்கு வருவது அதுதான்.

கொலம்பஸின் கல்லறையைக் காணத்தான் கூட்டம் மிகுதி. நான்கு அரசுகளைக் குறிக்கும் நான்கு வெண்கல வீரர்கள் பேழையைத் தோளில் சுமந்து நிற்கிறார்கள். அவர்களுள் லெயோன் நாட்டு வீரனின் ஈட்டி ஒரு மாதுளங்கனியைக் குத்தி நிற்கிறது. ஸ்பானிய மொழியில் 'கிரனாடா' என்றால் மாதுளை. கர்னாத்தா வீழ்ந்த செய்தி அந்தக் கனியில் இருக்கிறது. எலும்புகள் ஹவானாவிலிருந்து 1899இல் இங்கு வந்தன. அவை அவருடையவைதாம் என்று 2024இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். எனக்கு அதில் பெரிய நாட்டம் இல்லை. மாதுளங்கனியைப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

நகரை வென்ற பெர்னாண்டோ இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். அரச சிற்றாலயம் வழிபடுவோருக்குரியது, அமைதியாக இருந்தது, நாங்கள் வாயிலருகே நின்றுகொண்டோம். அவர் 1252இல் இறந்தபின் மகன் பத்தாம் அல்ஃபோன்ஸோ கல்லறைக்கு எழுதிவைத்த வாசகம் நான்கு மொழிகளில் உள்ளது: இலத்தீன், காஸ்தீலிய மொழி, ஹீப்ரு, அரபி. நான்கும் ஒன்றுபோல் பேசவில்லை என்பதுதான் வியப்பு. நகரத்தைப் புறமதத்தாரின் கையிலிருந்து பறித்து மீட்டார் என்று இலத்தீன் கடுமையாகச் சொல்கிறது. மற்ற மொழிகளில் அந்தச் சொல் இல்லை. காஸ்தீலிய வாசகம் நாட்டை எஸ்பான்யா என்கிறது. ஹீப்ரு ஸெஃபாராத் என்கிறது. அரபி அந்தலுஸ் என்கிறது. தோற்றவர்களின் மொழியிலும் வென்றவர் தம் கல்லறையில் பேச வேண்டியிருந்தது. அந்தக் கல் எழுதப்பட்ட நாளில் அரபி படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் இன்னும் இருந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தோன்றவில்லை. என் உரையில் ஒரே நாளில் எல்லாரும் மறைந்துபோவார்கள். அது மேடைக்கு வசதியாக இருந்தது.

பிறகு மினாராவில் ஏறினோம். எனக்கு மூட்டுவலி. "அத்தா, நீங்கள் கீழே இருங்கள்" என்றாள் மகள். ஆனால் உள்ளே படிகள் இல்லை. கோபுரத்தின் நான்கு பக்கமும் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை; முப்பத்தைந்து சரிவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருக்கிறார்கள். மோதினார் வாகனத்தின் மீதமர்ந்தே உச்சிக்குப் போய்ப் பாங்கு சொல்லும்படி அமைத்தது என்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை ஏறியிறங்கும் மனிதனின் முழங்காலை நினைத்துக் கட்டிய கட்டடம்! எண்ணூறு ஆண்டுக்குப் பின் என் முழங்காலுக்கும் அது உதவியது. பன்னிரண்டாவது சரிவில் ஒருமுறை, இருபத்தாறாவதில் ஒருமுறை உட்கார்ந்தேன். சுவரில் கையை வைத்தபோதுதான் நான் மேலே சொன்னது நிகழ்ந்தது. செங்கல் குளிர்ந்திருந்தது.

ரயிலில் படித்த செய்தியை அங்கே உட்கார்ந்து மீண்டும் நினைத்துப் பார்த்தேன். நகரை ஒப்படைக்கும்போது முஸ்லிம்கள் ஒரு நிபந்தனை கேட்டார்களாம்: பள்ளிவாசலையும் மினாராவையும் நாங்களே இடித்துவிட்டுப் போக அனுமதியுங்கள். பிறர் கையில் விட மனம் வரவில்லை. அப்போது இளவரசராயிருந்த அல்ஃபோன்ஸோ மறுத்தார். மினாராவிலிருந்து ஒரு செங்கல் குறைந்தாலும் நகரில் ஒருவரையும் உயிரோடு விடமாட்டேன் என்றாராம். இதைச் சொல்லும் நாளாகமம் அதே அல்ஃபோன்ஸோவின் அரசவையில் தொடங்கப்பட்டது என்பதையும் மறப்பதற்கில்லை. அரசரின் புகழை அரசவை சார்ந்த எழுத்தர் எழுதியது. கலையின் மீது கொண்ட காதலை உயிருக்கு அச்சுறுத்தலாகச் சொல்வது நல்ல காதலும் அன்று. எப்படியாயினும் நான் மேடையில் சொன்னதற்கு நேர் எதிரான கதை அது. இடிக்க நினைத்தவர்கள் நாம். இடிக்காமல் வைத்திருந்தவர்கள் அவர்கள்.

பொற்கோளங்கள் பதினான்காம் நூற்றாண்டில் ஒரு நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டன. அந்த இடத்தில் எர்னான் ரூயிஸ் என்னும் சிற்பி 1568இல் மணிக்கூண்டு ஒன்றை எழுப்பி முடித்தார். அதன் உச்சியில் விசுவாசத்தைக் குறிக்கும் வெண்கலப் பெண்ணுருவம், காற்றுக்கேற்பச் சுழலும். அதனால்தான் கோபுரத்துக்கே 'கிரால்டா', சுழல்வது, என்று பெயர் வந்தது. அவர் பழைய பகுதியின் செங்கல் வலைப்பின்னலை மறைக்கவில்லை. தம்முடையதை அதற்கு இசைவாகவே அமைத்தார். கீழிருந்து பார்ப்பவருக்கு எங்கே மினாரா முடிகிறது, எங்கே மணிக்கூண்டு தொடங்குகிறது என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மேலே நின்றபோது தலைக்கு மேல் மணி ஒலித்தது. பேத்தி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓசை அடங்கியதும் கீழே நாரத்தை மரங்கள் வரிசையாய் நிற்கும் முற்றத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"நன்னா, நம் ஊர்ப் பள்ளிவாசலும் இதுபோல் பழையதுதானே?"

மருமகன் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். "இல்லையம்மா, நம்முடையது புதியது" என்றேன்.

எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசல் கல்லால் ஆனது. குட்டையான பதினாறு தூண்கள். சதுரமும் எட்டுப்பட்டையும் மாறிமாறி வரும். போதிகையில் வாழைப்பூ மொட்டு. உருவம் ஒன்றும் இராது. கோவில் கட்டிய அதே கைகள், நம் முன்னோர் உருவம் வேண்டா என்றதும் பூவையும் கொடியையும் மட்டும் செதுக்கிக் கொடுத்திருக்கின்றன. கோடையில் அந்தக் கல்தரையில் நெற்றியை வைத்தால் எழ மனம் வராது. 1996இல் இடம் போதவில்லை என்ற பேச்சு எழுந்தது. உண்மையாகவே போதவில்லை. பக்கத்தில் காலிமனை இருந்தது. ஆனாலும் பழையதை எடுத்துவிட்டுக் குவிமாடத்தோடு கான்கிரீட்டில் கட்டுவதென்று ஜமாஅத் கூடி முடிவு செய்தது. தீர்மானத்தை அழகிய தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். கோவிலைப் போலிருக்கிறது என்று எவரோ சொன்னதற்கும் நான் தலையசைத்தேன். எதிர்த்தவர் எங்கள் மோதினார் ஒருவர்தான். கூட்டத்தின் கடைசியில் எழுந்து, "தம்பி, ஒரு தூணையாவது நிற்க விடுங்கள்" என்றார். குறிப்பேட்டில் நான் அதைப் பதியவில்லை. மறு மாதம் மீலாது மேடையில் இஷ்பீலியாவின் மினாராவுக்காகக் கலங்கிப் பேசினேன்.

இறங்கி வந்து முற்றத்தில் உட்கார்ந்தோம். நம்மவர்கள் வுளூ செய்த ஸஹன் அது. தரையில் செங்கல் வாய்க்கால்கள். மரத்துக்கு மரம் நீர் போகும். 'நரான்ஹா' என்று ஸ்பானியர் சொல்லும் பெயர் அரபியின் நாரஞ்சிலிருந்து வந்தது; நாரஞ்ச் பாரசீகத்திலிருந்து; அதன் வேர் நம் நாரத்தையில் இருக்கிறது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. உதிர்ந்த பழம் ஒன்றைப் பேத்தி எடுத்து வந்தாள். முகர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டு ஊறுகாய்ச் சாடியின் மணம்.

அங்கே தொழ அனுமதி இல்லை. தங்குமிடம் சென்று ளுஹரையும் அஸரையும் சேர்த்துக் கஸ்ராகத் தொழுதேன்.

ஊர் திரும்பிய மறுநாள் மையவாடிக்குப் போனேன். மனைவியின் கபுருக்கு ஸலாம் சொல்லிவிட்டு மேற்குச் சுவரோரம் சென்று பார்த்தேன். பதினாறில் ஆறு கிடக்கின்றன. மூன்றில் வேலிக்கருவை மூடியிருக்கிறது. ஒன்று ஜனாஸா சுமந்து வருவோர் உட்காரும் இருக்கையாகியிருக்கிறது. மற்றவை அஸ்திவாரத்துக்குள் போயிருக்கும். கத்தி கொண்டு செடியை வெட்டிப் போதிகை மொட்டைத் தடவினேன், உடையவில்லை.

மோதினார் மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் மகனை அழைத்துவந்து காட்டினேன். பிறகு ஜமாஅத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஆறு தூண்களையும் எடுத்துவந்து, ஹவ்ளின் மீது நிழல் தரும் மண்டபமாக நிறுத்த வேண்டும். கூலியை நான் தருகிறேன். 1996ஆம் ஆண்டுத் தீர்மானத்தை எழுதியவன் நானே என்பதையும், மோதினார் அன்று கூட்டத்தில் சொன்னதையும் அதில் எழுதியிருக்கிறேன். ரமலானுக்குப் பின் கூடும் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். தலைவராயிருக்கும் இளைஞர் என் பழைய மாணவர். "ஸார், அந்தக் கல்லெல்லாம் கோவில் கல் மாதிரி இருக்கிறதே?" என்று கேட்டார்.